வணிகத் தகவல் முறைமைகள்: வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பட்டப்படிப்பு

உயர்தரப் பெறுபேறு வெளியான மறுநாள் கிளிநொச்சியிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“பெட்டை கொம்பியூட்டர் படிக்கப் போறாளாம். கொமர்ஸ் செய்த பிள்ளைக்கு உது சரிவருமே? நீ நாலு இடம் போய் எழுதுறனி, விசாரிச்சுச் சொல்லு.”

என் பெறாமகள் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய பாடங்களில் தோற்றியவள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். ‘வணிகத் தகவல் முறைமைகள்’ என்ற கற்கைநெறியைப் பேனையால் வட்டமிட்டிருந்தாள். கீழே ஒரே ஒரு கேள்வி: “சித்தி, உது கணினியோ, கணக்கோ?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது ஊடகக் கற்கை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். அத்தானை 2009 மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. அக்கா தைத்துத் தைத்துத்தான் அவளை இந்த இடம்வரை கொண்டுவந்திருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் நான்கு வருடப் படிப்பொன்றைத் தெரிவு செய்வது விளையாட்டுக் காரியம் இல்லை. தெரியாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பட்டத்தை முடித்தவர்களிடமும், படித்துக்கொண்டிருப்பவர்களிடமும், கற்பிப்பவர்களிடமும் கேட்டேன். அவளுக்காகச் சேர்த்த அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தருகிறேன். இதே கேள்வியோடு வன்னியிலும் மூதூரிலும் படுவான்கரையிலும் எத்தனையோ வீடுகள் இருக்கும்.

கணினியோ, கணக்கோ?

இரண்டும்தான். ஆனால் இரண்டையும் பாதிபாதியாகக் கலந்து தருகிற படிப்பு என்று நினைத்தால் பிழைத்துப்போகும். ஒரு நிறுவனத்துக்குள் ஒரு செய்தி எங்கே பிறக்கிறது, யார் அதைப் பதிகிறார், அது யார் கைக்குப் போகிறது, அதைப் பார்த்து யார் முடிவெடுக்கிறார், இடையில் எங்கே அது பிசகுகிறது: இந்தக் கேள்விகள்தான் இந்தத் துறையின் நடுவே இருக்கின்றன. கணினி விஞ்ஞானம் படிப்பவர், இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, அதை எப்படி இன்னும் வேகமாக வேலை செய்யவைக்கலாம் என்று பார்க்கிறார். தகவல் முறைமை படிப்பவர் முதலில் கடையையும் களஞ்சியத்தையும் கணக்குப் புத்தகத்தையும் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் கணினியிடம் போகிறார்.

இதன் பழைய உதாரணமொன்று எனக்குப் பிடித்துப்போனது. உலகில் வணிக வேலைக்காக முதன்முதலில் ஓடிய கணினியைக் கட்டியது ஒரு தேநீர்க்கடைக் கம்பனி. பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான தேநீர்ச்சாலைகளை நடத்திய லயன்ஸ் நிறுவனம் ‘லியோ’ என்ற கணினியைத் தானே கட்டி, 1951 நவம்பரில் அதில் தனது வெதுப்பகக் கணக்கை ஓடவிட்டது. சில வருடங்களுக்குப் பிறகு தேநீர்ச்சாலைப் பொறுப்பாளர்கள் ஒவ்வொரு நாள் பிற்பகலும் நாளைக்கு எத்தனை பணிஸ், எத்தனை கேக் வேண்டும் என்பதில் வழமைக்கு மேலதிகமானதையும் குறைவானதையும் மட்டும் தொலைபேசியில் சொல்வார்கள். அது துளையட்டைகளில் பதியப்பட்டு, கணினி கூட்டிக் கழித்து, மறுநாள் காலை பொருட்கள் கடைக்குப் போகும். முழுப் பட்டியலையும் கேட்காமல் மாற்றத்தை மட்டும் கேட்டால் போதும் என்று கண்டுபிடித்ததுதான் அங்கே கெட்டித்தனம். அதைக் கண்டுபிடிக்க இயந்திர அறிவு தேவைப்படவில்லை. கடை எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஆள் தேவைப்பட்டார்.

அக்காவுக்கு இதை நான் இப்படித்தான் சொன்னேன்: “கொமர்ஸ் பிள்ளைக்குச் சரிவருமோ எண்டு கேட்டியள். கொமர்ஸ் பிள்ளைக்காகத்தான் உந்தப் படிப்பே துவங்கினது எண்டும் சொல்லலாம்.” கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். ஆனால் பெரிய பொய் இல்லை.

நான்கு வருடங்களில் என்ன நடக்கிறது

முதல் வருடம் பெரும்பாலும் பழகிய முகங்கள்: கணக்கீடு, முகாமைத்துவம், பொருளியல், புள்ளிவிபரவியல். கூடவே நிரலாக்கத்தின் அரிச்சுவடி. வர்த்தகப் பிரிவிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது இந்த நிரலாக்கப் பாடத்தில்தான் என்று கேட்ட எல்லோருமே சொன்னார்கள். முதல் பருவத்தில் ரகசியமாக அழுததாகச் சொன்ன ஒருத்தி இன்று கொழும்பில் வணிகப் பகுப்பாய்வாளராக இருக்கிறாள், ஊர் முல்லைத்தீவு. “ஆறு மாதம் தாண்டினால் சரி அக்கா. பிறகு எங்களை விடக் கணக்குப் பிள்ளைகள் அழத் துவங்குவினம், கணக்கீட்டுப் பாடம் வரேக்க” என்று சிரித்தாள்.

இரண்டாம், மூன்றாம் வருடங்களில்தான் துறையின் உண்மையான பாடங்கள் வருகின்றன. அவற்றில் முக்கியமானவை முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும், தரவுத்தளம், வணிகச் செயல்முறைகளை வரைபடமாக்குதல், நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள்கள், தரவுப் பகுப்பாய்வு, தகவல் பாதுகாப்பு, செயற்றிட்ட முகாமைத்துவம். பிறகு சில மாதத் தொழிற்பயிற்சி. கடைசியில் ஓர் ஆய்வோ, ஒரு நிறுவனத்துக்கு உண்மையாகவே ஒரு முறைமை செய்துகொடுக்கும் செயற்றிட்டமோ இருக்கும்.

பெயர்களை அடுக்கினால் ஒன்றும் விளங்காது. அந்த முல்லைத்தீவுப் பிள்ளை தன் மாணவச் செயற்றிட்டமாக வன்னியிலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தை எடுத்திருக்கிறாள். அங்கே மூன்று பேரேடுகள் இருந்தன. ஒன்றில் பங்குப் பணம், இன்னொன்றில் கடன், மற்றதில் நெல் கொள்வனவு. ஓர் உறுப்பினரின் பெயர் ஒரு பேரேட்டில் இராசம்மா, அடுத்ததில் ராசம்மா, மூன்றாவதில் ராஜம்மா. எழுதிய மூன்று பேரும் பிழையாக எழுதவில்லை. அவரவர் காதுக்குக் கேட்டதை எழுதினார்கள். ஊரில் எல்லோரையும் தெரிந்த முகாமையாளர் இருந்தவரை அது ஒரு பிரச்சினையாகவும் இருக்கவில்லை. அவர் ஓய்வு பெற்று, புதியவர் வந்ததும், கடன் கட்டி முடித்த ராசம்மாவுக்குக் கடன் நிலுவைக் கடிதம் போயிருக்கிறது.

தரவுத்தளப் பாடம் சொல்லித்தருவது இதைத்தான். ஓர் ஆளை அடையாளம் காண மாறாத ஒரு திறவுகோல் வேண்டும். ஒரு விபரம் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட வேண்டும். மற்ற இடங்கள் அதைச் சுட்டிக்காட்டினால் போதும். மூன்றிடத்தில் எழுதினால் என்றாவது ஒருநாள் மூன்றும் மூன்று கதை சொல்லும். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த எட்கர் கொட் 1970 இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இந்தச் சிந்தனை வளர்ந்தது. வங்கி தொடக்கம் வைத்தியசாலைவரை இன்று ஓடுகிற பெரும்பாலான தரவுத்தளங்கள் அதன் பிள்ளைகள்.

மாறாத திறவுகோல் என்றால் என்ன என்று கேட்பவர்கள் தங்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது; பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பிறகு தொடரிலக்கம். கடைசி இலக்கம், முன்னுள்ள இலக்கங்கள் பிழையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கு. வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் என்பதால் 2000 க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த முறை போதாமல் போனது. 2016 இலிருந்து வருடத்துக்கு நான்கு இலக்கத்தோடு மொத்தம் 12 இலக்கமாக்கினார்கள். என் பெறாமகளின் அட்டை 12 இலக்கம், அக்காவின் அட்டை ஒன்பது இலக்கம். ஒரு விண்ணப்ப மென்பொருள் இரண்டையும் ஏற்கும்படி செய்யப்பட்டிருக்கிறதா என்று யோசிப்பதும் இந்தப் பட்டதாரியின் வேலைதான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 இல் முகாமில் எங்களைப் பதிந்தபோது என் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. அம்மா பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி, மாத்தளனிலிருந்து இடுப்பில் கட்டியபடியே கொண்டுவந்தவர். என்றாலும் பட்டியலில் இருந்த பெயரைத்தான் அடுத்த பட்டியலும் பார்த்து எழுதியது. அந்த ஓர் எழுத்தைத் திருத்த எனக்கு நான்கு வருடங்கள் எடுத்தன. அந்தப் பதிவாளரில் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் இருந்து ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதிய மனிதர் அவர். பிழை நடந்தால் அதைத் திருத்துவதற்கென்று ஒரு வழி அந்த முறைமையிலேயே இல்லாதிருந்ததுதான் என் பிரச்சினை.

இரண்டு பெட்டிகளும் மூன்றாவது பதிலும்

தரவுத்தளப் பாடத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இதை ஒரு விரிவுரையாளர் எனக்கு விளக்கியபோது குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் எண் பூச்சியமாக இருப்பது வேறு, கட்டம் வெறுமையாக இருப்பது வேறு, விடை இன்னும் தெரியாது என்பது வேறு. இந்த மூன்றாவதைக் குறிக்கத் தரவுத்தளத்தில் தனியான ஒரு குறி உண்டு. ‘நல்’ என்பார்கள். (ஆங்கிலத்தில் ஒன்றுமில்லை என்று பொருள்படும் சொல், தமிழ் எழுத்தில் இப்படி நல்லதாக மாறிவிடுகிறது.) ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு விடை மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். தரவுத்தளம் ‘தெரியாது’ என்பதையும் ஒரு முழு விடையாக ஏற்றுக்கொண்டுதான் கணக்குப் பார்க்கிறது. அதை மறந்துவிட்டு நிரல் எழுதுபவர், தெரியாததை எல்லாம் ‘இல்லை’ என்று எண்ணிவிடுவார். அனுபவசாலிகளும் செய்கிற பிழை அது.

நம் வீடுகளில் இது பாடப்புத்தகச் சங்கதி அல்ல. கணவர் உயிரோடிருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று கேட்கும் படிவங்களில் இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. உயிரோடிருக்கிறார் என்று குறித்தால் அவருடைய வருமானம் எவ்வளவு என்று அடுத்த கேள்வி வரும். இறந்துவிட்டார் என்று குறித்தால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் வழங்க 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. பல குடும்பங்கள் அதை வாங்க மறுத்தன, அக்காவும் மறுத்தார். “என்ரை கையால அதை எழுதிக் குடுக்கமாட்டன்” என்று கச்சேரி வாசலிலேயே சொன்னவர். பிறகு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என்றது. அதை வைத்துக்கொண்டு நலக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம், சொத்து விவகாரங்களைப் பார்க்கலாம். சட்டம் அப்போதுதான் மூன்றாவது விடையை ஏற்றுக்கொண்டது.

அந்தச் சான்றிதழையும் வேண்டாம் என்கிற தாய்மார் இருக்கிறார்கள். ‘காணாமற்போனார்’ என்று எழுதினால், கையளித்தோம் என்ற உண்மை அழிந்துபோகும் என்பது அவர்களின் வாதம். அதையும் தரவு மொழியில் சொல்ல முடியும்: ஒருவருடைய நிலை என்ன என்பது ஒரு விபரம்; அந்த நிலை யாரால், எங்கே, எப்போது உண்டானது என்பது இன்னொரு விபரம். இரண்டாவதைப் பதிய இடம் வைக்காத முறைமை, முதலாவதை எவ்வளவு சரியாகப் பதிந்தாலும் குறைப்பதிவுதான். எந்தக் கட்டம் இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பதை ஓர் அறையில் இருந்து யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்த அறையில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. தொழில் வாய்ப்பு, சம்பளம் என்பவற்றுக்கு வெளியே இந்தப் படிப்பை நான் விரும்பத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

அஸ்வெசும நினைவிருக்கும். 2023 இல் சமுர்த்தியின் இடத்தில் அது வந்தபோது, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகளை வைத்துக் கணினி புள்ளி போட்டது. பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. கிராம அலுவலரைக் குற்றம் சொன்னவர்கள் பலர். அந்த 22 கேள்விகள் எவை, எந்த விடைக்கு எவ்வளவு புள்ளி என்று கேட்டவர்கள் சிலர்தான். அப்படிக் கேட்கப் பழக்குகிற படிப்பு இது.

பிழையான முறைமை மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரித்தானியாவில் ஒரு பெரும் சாட்சி இருக்கிறது. அங்கே 1999 இல் உப தபாலகங்களுக்கு வந்த ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பணக் குறைவுகளைக் காட்டியது. கணினி பிழைவிடாது என்று நம்பிய நிர்வாகம் பொறுப்பாளர்களைத் திருடர் என்றது. 900 க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தீர்ப்புகளை மொத்தமாக நீக்க 2024 இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டி வந்தது. தகவல் முறைமைக் கணக்காய்வு என்ற பாடம் ஏன் இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நல்ல கதையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மென்பொருளாளர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து ‘சஹானா’ என்ற முறைமையைக் கட்டினார்கள். காணாமற்போனவர்களைத் தேடுவது, முகாம்களைப் பதிவது, எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்று அறிவது, தேவையையும் வந்த பொருளையும் பொருத்துவது என்று அதற்குள் தனித்தனிப் பகுதிகள். இலவசமாக வெளியிடப்பட்ட அது பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. இந்தத் தீவில் பிறந்த ஒரு தகவல் முறைமை அது.

எங்கே படிக்கலாம்

இதே பெயரில் இந்தப் பட்டத்தைத் தருவது ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகம். கங்கொடவிலவில் உள்ள அதன் முகாமைத்துவக் கற்கைகள் மற்றும் வணிகவியல் பீடத்தில், தகவல் தொழில்நுட்பத் துறை இதை நடத்துகிறது. பெயர் மாறி, உள்ளடக்கம் நெருங்கி வரும் கற்கைநெறிகள் வேறும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் தகவல் முறைமைகள். களனியிலும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாடத்தில் என்ன சித்தி வேண்டும், சாதாரணதரத்தில் கணிதமும் ஆங்கிலமும் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தந்த வருடக் கையேட்டில் இருக்கும். கையேடு தமிழிலும் வருகிறது. போன வருடம் அண்ணா போனவர், மாமி மகள் போனவர் என்ற கதையைக் கேட்டு நிரப்ப வேண்டாம், நிபந்தனைகள் மாறுகின்றன.

வடக்கை விட்டுப் போக முடியாதவர்களுக்கு வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. 2009 க்குப் பிறகு சில வருடங்கள் பம்பைமடு என்ற பெயர் நம் வீடுகளில் வேறு காரணத்துக்காகத்தான் சொல்லப்பட்டது. இன்று அங்கே வியாபாரக் கற்கைகள் பீடமும், பிரயோக விஞ்ஞான பீடத்தில் தகவல் தொழில்நுட்பமும் இருக்கின்றன. வியாபாரக் கற்கை ஒன்றை எடுத்துக்கொண்டு தரவுத்தளத்தையும் பகுப்பாய்வையும் பக்கத்தில் தானாகப் படித்து அதே வேலைக்குப் போனவர்களை நான் சந்தித்தேன். நீண்ட வழிதான், அடைந்த வழி இல்லை.

அனுமதி பற்றி ஒரு விளக்கம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. மீதி 5 சதவீதம்வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்கள் அதற்குள் வருகின்றன. ஆகவே கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து பட்டியலில் எழுதாமல் விடுவது மடைத்தனம். விருப்ப வரிசையில் உண்மையிலேயே விரும்புவதை முதலில் எழுதுங்கள். வெட்டுப்புள்ளி எப்படிப் போகும் என்று ரியூட்டரிகளில் போடும் கணக்கெல்லாம் ஊகம்தான்.

இசட் புள்ளி போதாதவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தைப் பார்க்கலாம். 2000 இலிருந்து நடக்கிறது. வீட்டில் இருந்து படித்துப் பரீட்சை எழுதலாம். முதல் கட்டத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, அடுத்ததோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா. எப்போது வீட்டில் காசு முட்டுப்படும் என்று தெரியாதவர்களுக்கு இந்த இடைநிறுத்தங்கள் பெரிய ஆறுதல். தனியார் பட்டங்களுக்கு 2017 இல் தொடங்கிய அரச வட்டியில்லாக் கடன் உண்டு. வட்டியில்லை என்றாலும் கடன் கடன்தான். பிணை நிற்க ஆள் தேவைப்படும். ஒரு தனியார் நிறுவனத்தில் சேர முன் அதன் பட்டத்தை ஆணைக்குழு ஏற்றிருக்கிறதா, வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். பளபளப்பான விளம்பரத்தை நம்பிக் காணியை ஈடுவைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஆங்கிலமும் கொழும்பும்

அக்காவுக்கு நான் மறைக்காமல் சொன்னவை இவை.

பட்டம் ஆங்கில மொழிமூலம். புத்தகம், பரீட்சை, செயற்றிட்ட அறிக்கை எல்லாம் ஆங்கிலம். தெற்கில் உள்ள பல்கலைக்கழகங்களில் விரிவுரையின் நடுவே விளக்கம் சிங்களத்துக்குத் தாவும் என்றும், குழு வேலைகள் சிங்களத்திலேயே நடக்கும் என்றும் தமிழ்ப் பிள்ளைகள் சொல்கிறார்கள். முதல் வருடத்தில் பலர் ஒதுங்கிப்போவது அதனால்தான். முல்லைத்தீவுப் பிள்ளை தன் குழுவில் எல்லோரும் தட்டிக்கழித்த அறிக்கை எழுதும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதனால் ஆங்கிலமும் வந்தது, அறிக்கைக்காக ஒவ்வொருவரோடும் கதைக்க வேண்டியிருந்ததால் சிங்களமும் வந்தது. எல்லோருக்கும் அது வாய்க்குமா என்று எனக்குத் தயக்கம் இருக்கிறது. பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால், நிரலாக்கத்துக்குக் கொடுப்பதை விடப் பயன் கூட என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அடுத்தது செலவு. அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. ஆனால் மடிக்கணினி வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் அறை வாடகை. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கப்பட்டது. கொழும்பில் அது எத்தனை நாளைக்குப் போதும் என்று பிள்ளைகளே சிரிக்கிறார்கள். தொழிற்பயிற்சி பெரும்பாலும் கொழும்பில்தான். சில நிறுவனங்கள் கொடுப்பனவு தரும், சில தராது. புதிய மடிக்கணினிக்குக் கடன்பட வேண்டாம். இந்தப் படிப்புக்குப் பாவித்த நல்ல கணினி ஒன்று தாராளம்.

முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? வணிகப் பகுப்பாய்வாளர், தரவுப் பகுப்பாய்வாளர், மென்பொருள் தரச் சோதனையாளர், நிறுவன வள மென்பொருள் ஆலோசகர், தகவல் முறைமைக் கணக்காய்வாளர். சுவீடனைச் சேர்ந்த ஐ.எப்.எஸ். போன்ற நிறுவன வள மென்பொருள் கம்பனிகளின் பெரிய நிலையங்கள் கொழும்பில் இருப்பதால், கணக்கும் கணினியும் தெரிந்தவர்களுக்குக் கேள்வி உண்டு. வங்கிகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் எடுக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் சிறிய மென்பொருள் நிறுவனங்கள் வந்திருக்கின்றன, யாழ் ஐ.ரி. ஹப் போன்றவை இளையோரை ஊக்குவிக்கின்றன. என்றாலும் முதல் வேலை கொழும்பில் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு படிப்பதுதான் யதார்த்தம். அரச உத்தியோகம்தான் வேண்டும் என்று காத்திருக்கும் வீட்டுக்கு இந்தப் பட்டம் பொருந்தாது. அந்த எதிர்பார்ப்பு பிழையென்று சொல்ல வரவில்லை, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த சனம் ஓய்வூதியத்தை விரும்புவதில் என்ன பிழை? ஆனால் முன்கூட்டியே கதைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்குப் போய், பெறாமகளோடு இருந்து விண்ணப்பங்களை நிரப்பினேன். கற்கைநெறி வரிசையில் வணிகத் தகவல் முறைமைகளை முதலாவதாக எழுதினாள், வவுனியாவையும் சேர்த்துக்கொண்டாள். அதோடு ஓர் உதவித்தொகைப் படிவமும் இருந்தது. தந்தையின் பெயர், தொழில், வருமானம் என்று கேட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பு: இறந்திருப்பின் மரணச் சான்றிதழின் பிரதியை இணைக்கவும்.

அக்கா தையல் இயந்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

பிள்ளை பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அந்தக் கட்டத்தைக் கீறி, ‘தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினாள். கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தகப்பனின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் காணப்பட்ட இடம், திகதி, உடனிருந்தவர் யார் என்று வரிசையாக எழுதத் தொடங்கினாள்.

“அம்மா, அண்டைக்கு என்ன கிழமை?”

“ஞாயிறு” என்றார் அக்கா.